குடவோலையும் குழுக் கணக்கும்

சங்கம், சபை, கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம் என்று எங்கே ஒரு குழு அமைத்தாலும் பின்னாலேயே ஒரு பேச்சு எழும். "எங்க ஆளு ஒருத்தர்கூட வரலியே, இது எப்படிங்க?" என்பதே அது. ஓட்டுப் போட்டு எடுத்த குழு என்றால் ஓட்டின் மேல் பழி போடலாம். எல்லார் கண்முன்னாலும் சீட்டுக் குலுக்கி எடுத்த குழுவானாலும் இதே பேச்சுதான் வருகிறது. அந்தச் சந்தேகத்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்று சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் நிகழ்தகவு, சேர்வு என்ற பெயரில் வருவது. பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகள் அதை மறந்துவிடுகிறார்கள். உண்மையில் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த கடைக்காரன் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்திலேயே போட்டுவிடக்கூடிய கணக்கு அது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்தில் உள்ள தமிழர்களில் 20 பேர் ஒரு சிறு சங்கம் நடத்துகிறார்கள். திருநெல்வேலிக்காரர் 4, நாகர்கோவில்காரர் 4, மதுரை 4, தஞ்சாவூர் 4, வந்தவாசி ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த எங்களைப் போன்ற நைனார்கள் 4. விழாக் குழுவுக்கு 5 பேர் வேண்டும். இருபது பேரையும் சீட்டில் எழுதி ஒரே பானையில் போட்டுக் குலுக்கி ஐந்தை எடுக்கிறார்கள். நைனார் ஒருவர்கூட வராமல் போக எவ்வளவு வாய்ப்பு?

பலரும் மனக்கணக்காகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. இருபதில் ஐந்து என்றால் கால் பங்கு; எங்கள் நால்வரில் கால் பங்கு ஒருவர்; ஆகவே ஒருவர் வந்தே ஆகணும், வராவிட்டால் ஏதோ தில்லுமுல்லு. இதில் கால் பங்கு என்பது சரி, ஒருவர் என்பதும் சரி. 'வந்தே ஆகணும்' என்பதுதான் தவறு. அந்த ஒன்று வெறும் சராசரி. தினமும் சராசரி ஐம்பது வாடிக்கையாளர் வரும் கடையில் இன்றைக்கு எண்ணி ஐம்பது பேர் வருவார்கள் என்று எந்த வியாபாரியும் சொல்ல மாட்டான்.

சரியான வழி, மொத்தம் எத்தனை விதமாகக் குழு அமையலாம், அவற்றில் எத்தனை குழுவில் நாங்கள் இல்லை என்று எண்ணுவது. இந்த எண்ணும் விதியைப் பொதுவாகச் சொன்னவர்களில் முன்னோடி ஒரு சமணர். 9ஆம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீராச்சாரியார். நூல் 'கணித சார சங்கிரகம்'. (தீர்த்தங்கரர் வர்த்தமான மகாவீரர் வேறு, இவர் வேறு. எங்கள் பிள்ளைகளே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.) சென்னையில் 1912இல் எம். ரங்காச்சாரியார் இதை ஆங்கில மொழிபெயர்ப்போடு அரசு அச்சகத்தின் மூலம் பதிப்பித்தார். பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டப் பணத்தைப் பங்கிடும் கேள்விக்காகக் கடிதம் எழுதிக்கொண்டது 1654இல்தான். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மகாவீராச்சாரியார் நிகழ்தகவு சொல்லவில்லை. எத்தனை விதம் என்று எண்ணும் வழியைச் சொன்னார். எண்ணிக்கையை எண்ணிக்கையால் வகுத்து 'வாய்ப்பு' என்று பெயரிட்டது ஐரோப்பியர். நம்மவர் எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அவர் விதி இரண்டு வரிசை. மேலே மொத்த எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்து எழுதணும். கீழே ஒன்றிலிருந்து ஏற்றி எழுதணும். எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை இடம் வரை இரண்டையும் பெருக்கி, மேலதைக் கீழதால் வகுக்கணும். அவர் தரும் உதாரணங்களில் ஒன்று அறுசுவை. துவர்ப்பு, கைப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, இனிப்பு ஆறில் தனித்தனியாக 6, இரண்டிரண்டாக 15, மும்மூன்றாக 20, நந்நான்காக 15, ஐந்தைந்தாக 6, ஆறும் சேர்ந்து 1. மொத்தம் 63 சுவை.

நம் சங்கத்துக்கு வருவோம். மேலே 20, 19, 18, 17, 16. பெருக்கினால் 18,60,480. கீழே 1, 2, 3, 4, 5. பெருக்கினால் 120. வகுத்தால் 15,504. இருபது பேரிலிருந்து ஐவர் குழு இத்தனை விதமாக அமையலாம். கீழே 120ஆல் வகுப்பது எதற்கு என்று கேட்பார்கள். அதே ஐந்து பேர் எந்த வரிசையில் பானையிலிருந்து வந்தாலும் குழு ஒன்றுதானே. ஐந்து பேரை 120 விதமாக வரிசைப்படுத்தலாம், அந்த மிகை எண்ணிக்கையைக் கழிக்கத்தான் வகுத்தல்.

நைனார் இல்லாத குழு என்றால் மற்ற 16 பேரிலிருந்தே ஐவர். 16, 15, 14, 13, 12 பெருக்கி 120ஆல் வகுக்க 4,368. இதை 15,504ஆல் வகுத்தால் நூற்றுக்கு 28. அதாவது எந்தச் சூழ்ச்சியும் இல்லாமல், சுத்தமான குலுக்கலிலேயே, ஏறத்தாழ நாலு வருஷத்தில் ஒரு வருஷம் எங்களில் ஒருவரும் இருக்க மாட்டோம். மீதியையும் பார்த்துவிடலாம். ஒரே ஒருவர் வரும் குழு 7,280, இருவர் 3,360, மூவர் 480, நால்வரும் வருவது 16. எல்லாம் கூட்டினால் 15,504 வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் இரண்டு பக்கமும் பொருந்துவது போல இதுவும் பொருந்தணும்.

'குறைந்தது ஒருவராவது வர' என்று கேள்வி வந்தால் ஒருவர், இருவர், மூவர், நால்வர் என்று தனித்தனியாகக் கூட்ட வேண்டாம். நூறிலிருந்து 28ஐக் கழித்தால் போதும், 72. 'ஆவது' என்ற சொல் கேள்வியில் வந்தால் 'ஒருவரும் இல்லை' என்ற பக்கத்திலிருந்து போவதே சுருக்கு வழி.

ஒரு வருஷம் விட்டுப்போனால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. தொடர்ந்து மூன்று வருஷம் விட்டுப்போனால்? 28 சதவீதத்தில் 28 சதவீதத்தில் 28 சதவீதம், அதாவது நூற்றுக்கு 2 சொச்சம். நாற்பத்தைந்தில் ஒன்று. ஐந்து வருஷம் என்றால் ஐந்நூற்றுக்கும் மேல் ஒன்று. அப்போது பானையைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்வதில் தப்பே இல்லை.

இதில் பலர் காணாத பக்கம் ஒன்று இருக்கிறது. எங்களுக்கு விட்டுப்போகாத வருஷம் வேறு யாருக்கோ விட்டுப்போகும். ஐந்து ஊருக்கும் ஆளுக்கொருவர் என்று அமைய, நான்கில் ஒருவரை ஐந்து முறை எடுக்கணும்; 4 x 4 x 4 x 4 x 4 = 1,024 விதம். 15,504இல் 1,024 என்பது நூற்றுக்கு ஆறரை. ஆக, நூற்றுக்கு 93 தடவை ஏதாவது ஓர் ஊர்க்காரர் "எங்க ஆளு இல்லையே" என்று சொல்லத்தான் போகிறார். பானை நேர்மையாக இருந்தாலும் மனக்கசப்பு வராமல் இராது. குலுக்கலில் பாரபட்சம் இல்லை என்பதும், எல்லாருக்கும் இடம் கிடைக்கும் என்பதும் இரண்டு வேறு சங்கதிகள்.

இந்த வித்தியாசத்தை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்து விதி செய்தவர்கள் உத்திரமேரூர்க்காரர்கள்.

உத்திரமேரூர்ப் பானை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (921) வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை என்று நாம் படித்தது இதுதான். 2024 குடியரசு தின அணிவகுப்பில் தமிழ்நாட்டு அலங்கார ஊர்தியாகத் தில்லியிலும் ஊர்வலம் போனது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்றால் குடும்பம் அல்ல, வார்டு. தகுதியுள்ளோர் பேரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகத் தனித்தனிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்டணும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை வேறொரு குடத்தில் கொட்டிக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலை. அந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்கணும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? பிறகு அவன் உரக்க வாசிக்க, அங்கிருக்கும் நம்பிமாரும் வாசிக்கணும். இப்படிக் குடும்புக்கு ஒருவராக 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள்.

குடும்புக்கு ஒன்று என்ற இந்த ஏற்பாடு என்ன செய்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். குடும்புக்கு 10 பேர் தகுதியுள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். கல்வெட்டில் அந்த எண் இல்லை, கணக்குக்காக எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 300 ஓலை. அதை ஒரே குடத்தில் போட்டு 30ஐ எடுத்திருந்தால், குறிப்பிட்ட ஒரு குடும்பின் பத்து ஓலையும் வெளியே வராமல் போக வாய்ப்பு 270/300, 269/299, 268/298 என்று பத்துப் பின்னங்களின் பெருக்கல். விடை நூற்றுக்கு 34. முப்பது குடும்பில் சராசரி பத்துக் குடும்புக்கு ஆள் இருக்காது! ஏரித் தண்ணீரைப் பங்கிடும் ஊரில் மூன்றில் ஒரு பங்குத் தெருவுக்குப் பேச ஆளில்லை என்றால் ஊர் என்ன ஆகும்? பொதுக் குலுக்கலில் முப்பது குடும்புக்கும் தற்செயலாகவே ஆளுக்கொருவர் அமைய வாய்ப்பு 17 ஆயிரம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. அந்த அபூர்வத்தை ஒவ்வொரு வருஷமும் நிச்சயமாக நடக்க வைத்தது கட்டுக்கட்டாகப் பிரித்துக் கட்டிய ஒரு கயிறு.

கிரேக்கத்தின் ஆதென்ஸிலும் இதே யுக்தி. 500 பேர் கொண்ட சபைக்குச் சீட்டுப் போட்டபோது, பத்து இனக்குழுக்களுக்கும் ஐம்பது ஐம்பது என்று பிரித்துக்கொண்டுதான் போட்டார்கள்.

முப்பது பேரை 12, 12, 6 என்று பிரிக்கவும் கணக்கு உண்டு. முப்பதில் பன்னிரண்டை எடுக்க 8,64,93,225 வழி. மீந்த பதினெட்டில் பன்னிரண்டை எடுக்க 18,564 வழி. மீதி ஆறு பேர் தாமாகவே ஏரி வாரியம். இரண்டையும் பெருக்கினால் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் கோடிக்கும் மேல். இத்தனை வழி இருந்தும் சம்வத்சர வாரியத்தைக் குருட்டுவாக்கில் அமைக்கவில்லை. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு வேலை பார்த்தவர், கல்வியிலும் வயதிலும் மூத்தவர் என்று பார்த்து வைத்தார்கள். ஆளை எடுப்பதற்குச் சீட்டு, வேலையைக் கொடுப்பதற்கு அனுபவம்.

குடத்துக்குள் ஓலை போகும் முன்பே கடுமையான சலிப்பு இருந்தது. இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, வயது 35க்கு மேல் 70க்குள். (919இல் 30க்கு மேல் 60க்குள் என்றிருந்ததை இரண்டே வருஷத்தில் மாற்றினார்கள்.) வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்கு இடமில்லை, அவன் நெருங்கிய உறவினருக்கும் இல்லை. வியாபாரி என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. அதே சமயம் உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். நிலமில்லாதவர், உழுதவர், பெண்கள் யாருக்கும் அங்கே ஓலை இல்லை. குடத்துக்குள் போகாத பேருக்கு நிகழ்தகவு பூஜ்யம். குடவோலையை இன்றைய ஜனநாயகத்தோடு அப்படியே ஒப்பிடுவோர் இந்தப் பூஜ்யத்தையும் சேர்த்துச் சொல்லணும்.

நம் ஊர் நறுக்கெடுப்பு

மலையாள நாட்டில் சீட்டுக் குலுக்கலுக்கு நறுக்கெடுப்பு என்று பெயர். இங்கே அது அன்றாட விஷயம். நந்தன்கோட்டில் தலைமையகம் கொண்ட திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, சபரிமலை மேல்சாந்தியை நியமிப்பதும் இப்படித்தான். முதலில் நேர்முகத் தேர்வில் சலித்துப் பட்டியல். பிறகு சன்னிதானத்தில் இரண்டு வெள்ளிக் குடம். ஒன்றில் பேர்கள், மற்றதில் அதே எண்ணிக்கைச் சீட்டு. ஒன்றில் மட்டும் மேல்சாந்தி என்று எழுதியிருக்கும், மற்றவை வெற்று. பந்தளம் அரச குடும்பத்துக் குழந்தை எடுப்பது வழக்கம். பெயரோடு சேர்ந்து 'மேல்சாந்தி' சீட்டு வரும்வரை எடுப்பு தொடரும்.

முதலில் வரும் பேருக்கு வாய்ப்பு அதிகம், கடைசிப் பேர் வருவதற்குள் முடிந்துவிடுமே என்று கேட்பவர் உண்டு. 15 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பேருக்கு 1/15. இரண்டாம் பேருக்கு, முதல்வருக்கு விழாமல் இருக்க 14/15, அப்புறம் மீதி 14இல் ஒன்று. பெருக்கினால் 14 அடிபட்டு 1/15. மூன்றாம் பேருக்கும் இப்படியே அடிபட்டு 1/15. மாதாந்திரக் குலுக்கல் சீட்டுப் பிடிப்பவர்களுக்கும் இதே சண்டை உண்டு. இருபது பேர் சீட்டில் மூன்றாம் மாதம் உங்களுக்கு விழ வாய்ப்பு 19/20 x 18/19 x 1/18, அதாவது 1/20. எந்த மாதத்துக்கும் அதுவேதான்.

இதெல்லாம் ஒவ்வொரு சீட்டும் கைக்கு ஒரே மாதிரி இருந்தால் மட்டுமே. சபரிமலைக் குலுக்கலில் சில சீட்டு வேறு மாதிரி மடிந்திருந்ததாக 2023இல் கேரள உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போனது. நியமனத்தில் தலையிட நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் மடிப்பைப் பற்றிய கேள்வி அற்பக் கேள்வி அல்ல. சம வாய்ப்பு என்ற அஸ்திவாரமே அந்த மடிப்பில்தான் இருக்கிறது. உள்ளங்கையை விரிக்கச் சொன்ன கல்வெட்டுக்காரருக்கு அது புரிந்திருந்தது.

உள்ளாட்சித் தேர்தலில் எந்த வார்டு பெண்களுக்கு என்பதையும் இங்கே சுழற்சி முறையில், வேண்டிய இடத்தில் நறுக்கெடுத்து, முடிவு செய்கிறார்கள். அங்கே சீட்டு வார்டைத் தேர்ந்தெடுக்கிறது, ஓட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. உத்திரமேரூரில் வார்டு நிலையானது, சீட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தது. (கேரள அரசு லாட்டரியையும் இதில் சேர்க்கச் சிலர் சொன்னார்கள். சூது ஏழு வியசனங்களில் முதலாவது என்று வளர்ந்தவன் நான், அதை விட்டுவிடுகிறேன்.)

சமமில்லாத பிரிவுகள்

குடும்பு முறைக்கும் ஒரு குறை உண்டு. ஊருக்கு நாலு பேர் என்று சமமாக வைத்தேன். நிஜத்தில் அப்படி அமையாது. அதே இருபது பேர் 8, 5, 4, 2, 1 என்று இருக்கட்டும். ஊருக்கு ஒருவர் என்றால் ஒற்றை ஆள் வருஷா வருஷம் குழுவில் உட்கார்ந்திருப்பார். எட்டுப் பேர் ஊர்க்காரருக்கு வாய்ப்பு எட்டில் ஒன்று. பொதுப் பானையில் அவருக்கு நாலில் ஒன்று இருந்தது. "சின்னக் கூட்டத்தைக் காப்பாத்தறேன்னு எங்க பங்கைப் பாதியாக்கிட்டீங்களே" என்று அவர் கேட்டால் நியாயம்தானே? எங்களைப் போன்ற சிறு கூட்டத்தார் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பதில் அதே கல்வெட்டில் இருக்கிறது. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவன் பேரைக் குடத்தில் இடக்கூடாது என்று ஒரு விதி. சாதாரணமாகப் படித்தால் பதவி ஆசையை அடக்கும் விதி போலத் தோன்றும். கணக்குப் போட்டால் வேறொன்றும் தெரிகிறது. ஒரு குடும்பில் தகுதியுள்ளவர் நாலே பேர் என்றால், விதி இல்லாதபோது நாலு வருஷத்தில் நால்வருக்கும் ஒவ்வொரு முறை வர வாய்ப்பு 256இல் 24, நூற்றுக்கு ஒன்பதரை. விதி இருந்தால் நூற்றுக்கு நூறு. போனவர்கள் விலக, நாலாம் வருஷம் குடத்தில் ஒரே ஓலைதான் மிஞ்சும்.

இதை நம் இருபது பேருக்குப் பொருத்துங்கள். ஒற்றை ஆள் ஒரு வருஷம் இருந்துவிட்டு மூன்று வருஷம் விலகணும். அந்த 3 இடம் காலி. இருவர் ஊரில் இரண்டு வருஷம் முடிந்தபின் 2 இடம் காலி. நால்வர் ஊரில் காலி இல்லை. ஆக நாலு வருஷத்தில் 5 இடம் பொதுவுக்கு வரும். ஐவர் ஊருக்குச் சொந்த இடம் 4, இன்னும் வேண்டியது 1. எட்டுப் பேர் ஊருக்குச் சொந்த இடம் 4, இன்னும் வேண்டியது 4. காலியான ஐந்தும் அவர்களுக்கே சரியாகப் போகிறது. வருஷத்துக்கு 5, நாலு வருஷத்துக்கு 20 இடம், 20 பேர். எந்த வருஷம் யார் என்பதை மட்டும் பானை சொன்னால் போதும்.